பவர் மட்டும் போதாது, கண்ணின் ரத்தக் குழாயையும் பாருங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கண் பரிசோதனைக்கு என்னிடம் வருகிறவர்களில் பலர் நாற்பதைத் தாண்டியவர்கள். "பேப்பர் எழுத்து மங்குது, பவர் மட்டும் பாருங்கம்மா" என்பார்கள். பவர் பார்த்துவிட்டு, கண்ணின் உட்புறப் பின்சுவரில் இருக்கும் விழித்திரையை ஒரு படம் எடுத்துக்கொள்ளச் சொல்வேன். காசுக்காகச் சொல்கிறேன் என்று சிலர் நினைக்கலாம். ஆனாலும் விடுவதில்லை. உடம்பைக் கீறாமல் ரத்தக் குழாய்களை இவ்வளவு தெளிவாகப் பார்க்க விழித்திரையை விட்டால் வேறு நல்ல இடம் கிடையாது.

படத்தில் பார்வை நரம்பு தொடங்கும் இடம் வெளிர் மஞ்சள் வட்டமாகத் தெரியும். அதன் விட்டம் சுமார் 1.5 மில்லிமீட்டர்தான். அங்கிருந்து கிளை விட்டுப் போகும் குழாய்களில் மெல்லியதாக, பளிச்சென்ற சிவப்பில் இருப்பது, இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுவரும் தமனி. சற்றுத் தடித்து, கருஞ்சிவப்பாக இருப்பது, ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் சிரை. சிரையின் அகலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தமனிக்கு இருக்கும். பிரஷர் வருடக்கணக்கில் ஏறியே கிடந்தால் தமனி இறுகும், சுவர் தடிக்கும், ரத்தம் ஓடும் வழி குறுகிப்போகும். இரண்டும் ஒன்றையொன்று கடக்கும் இடத்தில், தண்ணீர்க் குழாய் மேல் கட்டையை வைத்த மாதிரி, கெட்டியான தமனி சிரையை அழுத்தும். அங்கே அடைப்பு விழுந்து ஒரு கண்ணில் பார்வை திடீரென்று மங்கியவர்களும் உண்டு.

சிரையின் கதை வேறு. புகைப்பழக்கம், உடல் பருமன், கட்டுப்பாடில்லாத இனிப்புநீர் (சர்க்கரை நோய்) உள்ளவர்களுக்கு அது அகலமாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. அகன்ற சிரைக்கும் பக்கவாதத்துக்கும் தொடர்பு இருப்பதை நெதர்லாந்தின் ரோட்டர்டாம் ஆய்வு காட்டியது. பிரஷர் ஏறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே தமனி குறுகியிருப்பதும் இத்தகைய நீண்டகால ஆய்வுகளில் தெரியவந்தது. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. நோய் முற்றும்வரை காத்திருக்கத் தேவையில்லாமல் கண் முன்கூட்டியே ஒரு குறிப்பைத் தருகிறது.

செம்பனைக் குலை வெட்டும் அண்ணன் ஒருவர் படிக்கும் கண்ணாடிக்காக வந்தார். பிரஷர் பார்த்ததுண்டா என்று கேட்டேன். "எனக்கு என்னம்மா, விடியக்காலையிலேர்ந்து குலை வெட்டுறேன், ஒரு தலைவலி கிடையாது" என்றார். படத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினேன். தமனி நூலாய் மெலிந்திருந்தது. சிரையைக் கடக்கும் இரண்டு இடங்களில் சிரை கிள்ளிவிட்டது போல் ஒடுங்கியிருந்தது. சற்று நேரம் உட்காரவைத்து அளந்ததில் பிரஷர் 178க்கு 104. கிளினிக்கிற்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். போனார், மாத்திரை தொடங்கினார். தலைவலி இல்லை என்பதை நம்பி எத்தனை பேர் இருக்கிறார்கள்! 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் பத்தில் மூவருக்கு ரத்தக் கொதிப்பு. அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு அது இருப்பதே தெரியாது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். படத்தை மட்டும் வைத்து "உங்களுக்கு இருதய நோய்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வயது கூடக்கூடத் தமனி இயல்பாகவே மெலியும். கிட்டப்பார்வை அதிகம் உள்ளவர்களுக்கும் குழாய்கள் மெலிந்தே தெரியும். படம் தெளிவில்லை என்றால் அளவும் தவறும். அதேபோல, படம் நன்றாக இருக்கிறது என்பதற்காகப் பிரஷர் மாத்திரையை நிறுத்தவும் கூடாது. சந்தேகம் வந்தால் பிரஷர், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்க்க வேண்டும். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்) கட்டணம்.

எடுத்த படத்தைக் கைப்பேசியில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை வேறு கடைக்கே போனாலும் பழைய படத்தோடு ஒப்பிட்டால் மாற்றம் தெரியும். தனியாக ஒரு படத்தைப் பார்ப்பதைவிட எனக்கு அது பெரிதும் உதவுகிறது. சிலருக்குக் கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து போட வேண்டிவரும். சில மணி நேரம் வெளிச்சம் கூசும், கிட்டே உள்ளது மங்கும். அதனால் தோட்டத்திலிருந்து மோட்டாரில் தனியாக வராதீர்கள். ஓட்டிக்கொண்டு போக மகனையோ மகளையோ கூட்டி வாருங்கள். அவர்களுடைய பிரஷரையும் அப்படியே பார்த்துவிடலாம்.