கத்தியில் ஓடும் ரேகை

போன வருடம் இணையத்தில் படத்தைப் பார்த்து மயங்கி ஒரு 'டமஸ்கஸ்' கத்தி வாங்கினேன். அலகு முழுக்க நீரலை மாதிரி வரி வரியாக இருந்தது. கழுவும்போது கம்பி நார் பட்டு ஒரு கீறல் விழுந்துவிட்டதே என்று வோட்டர் பேப்பரால் தேய்த்தேன், தேய்த்த இடத்தில் அலையே இல்லை. சரி, அசல் கத்தியிலும் தேய்த்தால் வரி மங்கும், அமிலத்தில் ஊறினால் திரும்பி வரும் என்று படித்திருந்தேன். இன்ஸ்டன்ட் கோப்பியைக் கட்டியாகக் கரைத்து இரவு முழுக்க அதில் நிற்க வைத்தேன். காலையில் எடுத்துப் பார்த்தால் தேய்த்த இடம் ஒரே சீராகக் கறுத்திருந்தது, அலை வரவில்லை. மேலே லேசரால் கீறிய படம், அவ்வளவுதான்.

அசலில் வரி அலகின் உள்ளேயே ஓடுகிறது. இரண்டு வகை உருக்குத் தகடுகளை மாற்றி மாற்றி அடுக்குவார்கள். ஒன்றில் காபனும் கொஞ்சம் மங்கனீஸும் இருக்கும், மற்றதில் 2 சதவீதம் அளவுக்கு நிக்கல் இருக்கும். அடுக்கை உலையில் 1200 பாகை செல்சியஸ் தாண்டி மஞ்சளாக ஒளிரும்வரை சூடாக்கிச் சம்மட்டியால் அடித்தால், உருகாமலே ஒரு தகட்டின் அணுக்கள் அடுத்த தகட்டுக்குள் போய்ப் பிடித்துக்கொள்கின்றன. இதற்கு ஒரே எதிரி, சூடான இரும்பின் மேல் உடனே படிகிற ஒட்சைட்டுச் செதில். பராட்டா மடிக்கும்போது நடுவில் தடவுகிற எண்ணெய் அடுக்குகளை ஒட்டவிடாமல் வைக்கிறதல்லவா, இங்கே அந்த வேலையைச் செதில் செய்துவிடும். அதனால்தான் வெங்காரம் தூவுகிறார்கள். அது உருகிச் செதிலைக் கரைத்துக்கொள்ளும், சம்மட்டி விழும்போது பொறியோடு சேர்ந்து வெளியே தெறிக்கும்.

ஒட்டிய கட்டியை நீட்டி, நடுவில் வெட்டி, மடித்து, மறுபடி அடிப்பார்கள். 7 தகட்டில் தொடங்கி 5 தரம் மடித்தால் 224 அடுக்கு.

இங்கேதான் எனக்கு முதலில் புரியாத ஒரு விஷயம். அடுக்கெல்லாம் மட்டமாகப் படுத்திருந்தால் அலகின் முகத்தில் எதுவும் தெரியாது, மேல் தகடு மட்டும்தான் தெரியும். வரி தெரிய வேண்டுமென்றால் அடுக்கைக் குழப்ப வேண்டும். வீட்டில் பிள்ளைகளின் பிளாஸ்டிசின் இருந்தால் செய்து பாருங்கள்: இரண்டு நிறத்தை மாற்றி மாற்றி அடுக்கி, மேலே விரலால் குழி குழியாக அழுத்தி, மேடாக நிற்பதை மட்டும் கத்தியால் சீவி எடுங்கள். குழி இருந்த இடமெல்லாம் வட்டத்துக்குள் வட்டமாக வரும். பள்ளிக்கூடத்துப் புவியியல் புத்தகத்தில் மலையைச் சுற்றி ஓடுகிற சமவுயரக் கோடுகளும் இதே கணக்குத்தான். கொல்லனின் கட்டியில் குழி துளைத்துத் தட்டையாக அடித்தால் மழைத்துளி வடிவம், குறுக்கே பள்ளம் வெட்டி அடித்தால் ஏணி வடிவம். சதுரக் கம்பியாக இழுத்து முறுக்கிப் பிறகு பாதிவரை ராவினால் நட்சத்திரம் மாதிரி ஒன்று வரும், எனக்கு அதுதான் பிடிக்கும்.

கடைசியாகத்தான் நிறம். எலக்ட்ரோனிக்ஸ் படிக்கிறவர்கள் சேர்க்கிட் போர்டை அரிக்கப் பயன்படுத்தும் பெரிக் குளோரைட்டில் அலகை முக்கினால் நிக்கல் உள்ள அடுக்கு அரிபடாமல் பளிச்சென்று நிற்கும், மற்றது கறுத்துக் கொஞ்சம் பள்ளமாகும். கறுப்பு வரியில் காபன் கூட, வெள்ளை வரியில் குறைவு என்று பலர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அது சரியில்லை. காபன் அணு மிகச் சின்னது, அந்தச் சூட்டில் மெல்லிய அடுக்குகளுக்கிடையே சில நிமிடங்களிலேயே பரவிச் சமமாகிவிடும். நகராமல் அப்படியே இருப்பது நிக்கல்தான். ஆகவே இவ்வளவு பாடுபட்ட கத்தி ஒரே வகை நல்ல உருக்கில் செய்த கத்தியைவிட நன்றாக வெட்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இது கண்ணுக்கான வேலை.

வேலை பழையதுதான். இங்கிலாந்தில் சட்டன் ஹூ என்ற இடத்தில் 1939இல் தோண்டியெடுத்த பழைய வாளின் துருவுக்குள் முறுக்கிய கம்பிகள் இருப்பதை எக்ஸ்ரே காட்டியது. ஜாவாவின் கிரிஸ் கத்திகளிலும் இதே அடுக்கு உண்டு. நவீன காலத்தில் அமெரிக்கக் கத்திக் கொல்லரான பில் மோரன் 1973இல் இப்படிச் செய்த கத்திகளைக் காட்சிக்கு வைத்த பிறகுதான் இது மறுபடி சூடு பிடித்தது. பழைய டமஸ்கஸ் வாள் வேறு கதை: அது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மூசை என்ற மண் கிண்ணத்தில் உருக்கிய, 1.5 சதவீதம் அளவு காபன் உள்ள உருக்கு. அதில் யாரும் எதையும் மடிக்கவில்லை, குளிரும்போதும் அடிக்கும்போதும் வரி தானாக உருவானது. நம் சமனலவெவ பக்கத்து மலைச்சரிவில் தென்மேற்குப் பருவக்காற்றையே துருத்தியாக வைத்து இரும்பு உருக்கியிருக்கிறார்கள் என்று தொல்லியலாளர் ஜில் ஜுலெஃப் 1996இல் எழுதியதும் இந்த ஊர்க் கதைதான், அதைத் தனியாக ஒரு நாள் பேசலாம்.

அப்புறம் கைப்பிடி. வெளிநாட்டிலிருந்து வந்த மச்சான் அசல் கத்தி ஒன்று கொண்டுவந்திருந்தார், நாலு அங்குல அலகு, வெண்கலப் பிடியில் கொடி சுற்றிக்கொண்டு ஏறுகிறது. அதைச் செட்டியார் தெருவில் எங்களுக்குப் பழக்கமான பத்தர் ஐயாவிடம் காட்டினோம். அவர் அலகைப் பார்க்கவே இல்லை. லென்ஸைக் கண்ணில் வைத்துப் பிடியைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மெழுகில் செதுக்கி வார்த்தது, ஆனால் இலை நரம்பெல்லாம் வார்த்த பிறகு உளியால் எடுத்தது என்றார். வார்ப்பில் வரும் கோடு முனை மழுங்கியிருக்கும், உளிக்கோடு ஒளியை வெட்டும். பிடிக்கும் அலகுக்கும் நடுவில் செம்பும் வெள்ளியும் அடுக்கிய ஒரு பூண் இருந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. ஜப்பானியர் மொகுமே கானே என்று சொல்லும் வேலை அது. வெள்ளி 962 பாகையில் உருகும், செம்பு 1085இல் உருகும், ஆனால் இரண்டும் தொட்டுக்கொள்ளும் இடம் 780 பாகையிலேயே உருகத் தொடங்கிவிடும். அதற்குச் சற்றுக் கீழே பிடித்து வைத்து அழுத்தினால்தான் வரி கலையாமல் ஒட்டும்.

"தம்பி, கத்தி செய்தவன் இதைப் பத்த வைக்கேல்லை, ஆணியில இறுக்கியிருக்கிறான்," என்றார். ஏனென்று யோசித்தால் விடை அலகில் இருக்கிறது. 800 பாகை அளவில் காய்ச்சி எண்ணெயில் தோய்த்த அலகைப் பிறகு 200 பாகை அளவில்தான் பதப்படுத்துகிறார்கள். பத்த வைப்பதென்றால் வெள்ளிப் பற்றாசை உருக்கி ஒட்ட வேண்டும், அதற்கு 600 பாகைக்கு மேல் வேண்டும், அந்தச் சூடு அலகுக்கு ஏறினால் கூர் நிற்காது. கண்டிக் காலத்துக் கத்திகள் கொழும்புத் தேசிய நூதனசாலையில் இருக்கின்றன, போனால் அலகையும் பிடியையும் சேர்க்கும் அந்த இடத்தைக் குனிந்து பாருங்கள்.

கடைசியில்தான் பத்தர் ஐயா அலகைப் பார்த்தார். மேடு பள்ளத்தை ராவி எடுத்துத்தான் இந்த வரி வருகிறது என்று நான் விளக்கினேன். அவர் பட்டறையில் தரையைக் கூட்டிய குப்பையில்கூடப் பொன் தேடுகிறவர்.

"அப்ப ராவின பொடி எவ்வளவு போயிருக்கும்? அதை என்ன செய்யிறாங்கள்?"

கொட்டிவிடுவார்கள் என்றேன். கத்தியைத் துணியில் சுற்றித் திருப்பித் தந்துவிட்டார்.