இசை மருத்துவம் அன்று, இசைவழித் துணை

பிரித்தானியப் பள்ளிகளில் கூடுதல் தேவையுடைய பிள்ளைகளுக்காக நடைபெறும் மியூசிக் தெரபியை, அதாவது பயிற்சி பெற்ற ஒருவர் பிள்ளையோடு சேர்ந்து இசைத்து உறவாடும் பணியைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் அதனை ‘இசை மருத்துவம்’ என்றே எழுதிவிடுகிறார்கள். நாளிதழ்களின் இணைப்புகளிலும் தொலைக்காட்சி நேர்காணல்களிலும் திரும்பத் திரும்பக் கேட்டு அச்சொல் நம் காதுக்குப் பழகிவிட்டது. பழகிவிட்டதாலேயே அது சரியாகிவிடாது. ஒரு துறை என்ன செய்கிறது என்பதையே மாற்றிக் காட்டும் சொல் அது. தம் பிள்ளைக்கு என்ன கிடைக்கும் என்று ஏங்கி நிற்கும் பெற்றோருக்கு, அத்துறை ஒருபோதும் தராத வாக்குறுதியையும் அது தந்துவிடுகிறது.

தெரபி என்பதன் மூலம் கிரேக்க மொழியின் ‘தெரபேயா’. பணிவிடை, பேணுதல், உடனிருந்து கவனித்தல் ஆகியன அதன் பொருள்கள். நோய் தீர்த்தல் அவற்றுள் ஒன்று மட்டுமே. அதனோடு உறவுடைய ‘தெராப்போன்’ என்பது உடன் நிற்கும் துணைவனைக் குறிக்கும். கிரேக்கக் கவிஞர் ஓமரின் காவியத்தில் மாவீரன் அக்கிலீசின் தெராப்போனாக இருப்பவன் அவன் தோழன் பத்ரொக்ளஸ். வடமொழிச் சிகிச்சையும் ‘கவனித்தல்’ என்னும் பொருளுடைய வேரிலிருந்து வந்ததே என்றாலும், தமிழில் அது மருத்துவமனையோடு பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொண்டது. மருத்துவம் என்பதோ மருந்தின் அடியாகப் பிறந்தது. மருந்தின் நாற்கூறுகளாக உற்றவன், தீர்ப்பான், மருந்து, உழைச்செல்வான் எனத் திருவள்ளுவர் வகுத்துள்ளதை இங்கே நினைத்துப் பார்க்கலாம். தீர்ப்பான் மருத்துவன், உழைச்செல்வான் பக்கத்திலிருந்து பேணுபவன். கிரேக்கச் சொல்லின் முதற்பொருள் உழைச்செல்வானுக்கே நெருக்கமானது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் அதைத் தீர்ப்பானிடம் ஒப்படைத்துவிட்டார்கள்.

இத்துறையின் நடைமுறையைப் பார்த்தால் பிழை இன்னும் தெளிவாகும். 1959இல் இங்கிலாந்தின் வொஸ்டர்ஷயரில் இருந்த சன்ஃபீல்ட் குழந்தைகள் இல்லத்தில், அமெரிக்க இசையமைப்பாளர் பால் நார்டாஃபும் ஆங்கிலேயச் சிறப்புக் கல்வி ஆசிரியர் கிளைவ் ராபின்ஸும் சேர்ந்து பணியாற்றத் தொடங்கினார்கள். பிள்ளை முரசைத் தட்டினால் பியானோ அந்த நடையைப் பிடித்துக்கொள்ளும். பிள்ளை நிறுத்தினால் இசையும் காத்திருக்கும். பிள்ளை வீறிட்டு அழுதால் அந்த அழுகையின் சுருதியையே இசை ஏற்றுக்கொண்டு அதற்கு மறுமொழி சொல்லும். முன்கூட்டி எழுதிவைத்த பாட்டை ஒப்புவிக்கச் செய்வது அங்கே நோக்கமன்று. பேச்சு வராத ஒரு பிள்ளை, தான் எழுப்பிய ஒலிக்கு இன்னொருவரிடமிருந்து விடை வருவதை உணர்கிறது. அவ்விடைக்குத் தானும் ஒரு விடை தருகிறது. இதில் எது மருந்து, எது நோய்?

‘இசை மருத்துவம்’ என்று சொல்லிவிட்டால் அந்த வினாவுக்கு விடை கூறும் கடமை வந்துவிடுகிறது. ஒன்பது நாடுகளில் ஆட்டிசம் உடைய 364 குழந்தைகளைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வொன்றின் முடிவு 2017இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் வெளியாயிற்று. வழக்கமான பராமரிப்புடன் மியூசிக் தெரபியும் பெற்ற குழந்தைகளுக்கும் பெறாத குழந்தைகளுக்கும் இடையே, ஐந்து மாதங்களுக்குப் பின், ஆட்டிசக் கூறுகளின் தீவிரத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2022இல் வெளியிட்ட மதிப்பாய்வு இதைவிடச் சாதகமாகவே பேசுகிறது. பொதுவான முன்னேற்றத்திலும் வாழ்க்கைத் தரத்திலும் பயன் இருக்கக்கூடும் என்கிறது. இரண்டில் எதை வைத்துப் பார்த்தாலும், ஆட்டிசத்தை இசை நீக்கிவிடும் என்பதற்கு அங்கே இடமில்லை. ஆட்டிசம் நீக்கப்பட வேண்டிய நோய் என்னும் எண்ணமே அப்பிள்ளைகளுக்கு இழைக்கப்படும் தீங்கு. ‘மருத்துவம்’ என்னும் சொல் அந்த எண்ணத்தை வாசலைத் திறந்து உள்ளே அழைத்துவருகிறது. அதன் பின்னால் ‘இந்த நோய்க்கு இந்த இராகம்’ என்னும் பட்டியல்களும் வந்து சேர்கின்றன.

இப்பட்டியல்களுக்குச் சான்றாகப் புறநானூற்றின் 281ஆம் பாடலைக் காட்டுவது ஒரு வழக்கமாகிவிட்டது. புண்பட்டுக் கிடக்கும் தலைவனின் வீட்டில் வேப்பிலை செருகி, யாழும் பிற இசைக்கருவிகளும் ஒலிக்க, ஆம்பற்குழல் ஊதி, மணி அடித்துக் காஞ்சிப் பண் பாடுகிறார்கள். ஆனால் அதைப் பாடிய அரிசில்கிழார் அங்கே எடுத்தாளும் வினை ‘காக்கம் வம்மோ’ (காப்போம், வா) என்பது. பாடலில் பேசும் பெண், தலைவனின் புண்ணைக் காக்கத்தான் தன் தோழியை அழைக்கிறாள்; இசையால் புண் ஆறிவிடும் என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. இசை மருத்துவத்துக்குச் சான்றாகக் காட்டப்படும் அப்பாடலே, இசையின் வேலை உடனிருந்து காத்தல் என்கிறது.

பிசியோதெரபியை ‘இயன்முறை மருத்துவம்’ என்கிறோமே, அவ்வழியில் இசை மருத்துவம் என்றால் என்ன குற்றம் என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்பீச் தெரபிக்குப் பிள்ளையை அழைத்துச் செல்லும் பெற்றோர் அதைப் ‘பேச்சுப் பயிற்சி’ என்றே சொல்கிறார்கள். ‘பேச்சு மருத்துவம்’ என்று அவர்கள் சொல்லிக் கேட்டதில்லை. எல்லாத் தெரபிக்கும் ஒரே சொல்லைப் பூட்ட வேண்டிய தேவை மக்கள் வழக்கில் இல்லை. இன்னொரு வாதம், பிரித்தானியாவில் மியூசிக் தெரபிஸ்ட் என்பது சட்டப் பாதுகாப்புள்ள பட்டம், நலவாழ்வுத் தொழில்களுக்கான பதிவேட்டில் பெயர் உள்ளவர்களே அதைப் பயன்படுத்தலாம், ஆகவே அது மருத்துவமே என்பது. அப்பதிவேட்டில் பேச்சுப் பயிற்சியாளரும் உணவியலாளரும் இருக்கிறார்கள், மருத்துவர்கள் இல்லை. மருத்துவர்களைப் பதிவு செய்வது வேறொரு மன்றம். பிரித்தானியச் சட்டமே பிரித்து வைத்திருப்பதைத் தமிழில் ஏன் ஒன்றாக்க வேண்டும்?

தனித்தமிழ் அன்பர்கள் ‘இசைப் பண்டுவம்’ என்பார்கள். சொல் தூய்மையானது, ஆனால் பண்டுவமும் மருத்துவமே, ஆதலால் பிழை அப்படியே இருக்கிறது. ‘இசை ஆற்றுப்படுத்தல்’ என்பது இனிய ஆக்கம்தான். எனினும் ஆற்றுப்படுத்துநர் என்றால் இன்று உளநல ஆலோசகர் என்றே விளங்கும். வழிகாட்டி அனுப்பிவைப்பதும் இங்கே நிகழ்வதில்லை. கூடவே இருத்தல்தான் நிகழ்கிறது. கவுன்சலிங் என்பதற்கு ஈழத்தமிழர் வழக்கிலுள்ள ‘உளவளத்துணை’ எனக்கு நல்ல முன்மாதிரியாகத் தோன்றுகிறது. அதை ஒட்டி ‘இசைவழித் துணை’ என்றும், அதைச் செய்பவரை ‘இசைவழித் துணையாளர்’ என்றும் சொல்லலாம். வெறுமனே ‘இசைத்துணை’ என்றால் பக்கவாத்தியம் என்று கொள்ள இடமுண்டு என்பதால் ‘வழி’ அங்கே வேண்டும். இதை ஏற்காதவர்கள் மியூசிக் தெரபி என்றே எழுதட்டும். பொருளைத் திரிக்கும் தமிழ்ச் சொல்லைவிடத் திரிக்காத கடன்சொல் மேலானது.

அனைவரும் சேர்ந்து இசைக்கும் வகுப்பையும் இதே பெயரால் அழைப்பது அடுத்த குழப்பம். வகுப்பில் நடப்பது இசைக்கல்வி. கை அசைக்க இயலாத மாணவி, தலையசைவால் சவுண்ட்பீம் கருவியின் புலப்படாத கதிரைக் குறுக்கிட்டு ஒலி எழுப்புகிறாள். பின்லாந்தில் உருவான ஃபிகர்நோட்ஸ் முறையில் சுரத்தை நிறமும் அதன் ஸ்தாயியை வடிவமும் காட்டுவதால், எழுத்து படிக்க இயலாதவரும் பார்த்து வாசிக்கலாம். இவர்களும் பிறரும் ஒரே பாடலை ஒன்றாக இசைக்கிறார்கள்.

இத்தகைய வகுப்பை ‘உள்ளடக்கிய இசை’ என்றும் ‘உள்ளடங்கிய இசை’ என்றும் எழுதுகிறார்கள். ‘உள்ளடக்கிய’ செயப்படுபொருள் வேண்டும் வினை. எதை என்று சொல்லாவிட்டால் தொடர் நிரம்பாது. ‘உள்ளடங்கிய’ என்றால் இசையே எதற்குள்ளோ அடங்கிவிட்டது என்றாகும். சேர்க்கப்பட வேண்டிய மாணவர் அத்தொடரில் இல்லவே இல்லை. ‘ஒருங்கிணைந்த’ என்பதும் பொருந்தாது. இந்திய அரசின் 1974ஆம் ஆண்டுத் திட்டம் முதல் அச்சொல்லால் சுட்டப்படுவது, மாற்றமில்லாத வகுப்பறைக்குள் பிள்ளையைக் கொண்டுவந்து அமர்த்துவது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ, கற்பிக்கும் முறை மாணவருக்கேற்பத் தகவமைய வேண்டும் என்கிறது. மாறவேண்டியது பிள்ளை அன்று, வகுப்பு என்பதே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு. ‘யாவருக்குமான இசை வகுப்பு’ என்பது நீளமாக இருந்தாலும் அதைப் பிழையின்றிச் சொல்லும்.

‘சிறப்புக் குழந்தை’ என்னும் வழக்கைப் பற்றியும் ஒரு சொல். வேல்ஸ் நாட்டின் 2018ஆம் ஆண்டுச் சட்டம் ‘கூடுதல் கற்றல் தேவை’ என்கிறது. ஸ்காட்லாந்தின் 2004ஆம் ஆண்டுச் சட்டம் ‘கற்றலுக்கான கூடுதல் ஆதரவு’ என்கிறது. இரண்டிலும் அடைமொழி தேவைக்கோ ஆதரவுக்கோ சேர்கிறதே தவிரப் பிள்ளைக்குச் சேர்வதில்லை. தமிழிலும் ‘கூடுதல் தேவையுடைய மாணவர்’ என்று எழுதுவதற்குத் தடை ஏதுமில்லை. அவ்வாறே, இசைவழித் துணையின் ஒரு வேளையை ‘அமர்வு’ என்பது பொருத்தமானது. ஆனால் அவ்வமர்வுக்கு வரும் பிள்ளையை ‘நோயாளி’ என்று மொழிபெயர்ப்பதை எழுத்தாளர்களும் இதழாசிரியர்களும் இன்றே கைவிட வேண்டும்.