பிசினோசிஸ்: பஞ்சாலை இளைப்புக்கு ஒரு தமிழ்ப் பெயர்

"முருங்கைப் பிசின் தெரியும், வேப்பம் பிசின் தெரியும். நெஞ்சுக்குள்ள ஏது கண்ணு பிசின்?" என்று கேட்டார் பெரியம்மா.

பல்லடம் பக்கம் ஒரு மில்லில் 22 வருசம் வேலை பார்த்தவர் அவர். முதலில் பஞ்சைச் சீவிச் சுத்தமாக்கும் கார்டிங், பிறகு நூல் நூற்கும் ஸ்பின்னிங்கில் சைடு. இளைப்பு அதிகமாகி மருத்துவரிடம் போனபோது, சீட்டில் கேள்விக்குறி போட்டு ஒரு சொல்லை எழுதிக் கொடுத்திருந்தார்கள். பிசினோசிஸ். நான் வாசித்துக் காட்டியதும் அவருக்குப் பிசின்தான் நினைவுக்கு வந்தது. சிரித்துவிட்டேன். அப்புறம் யோசித்தால், அந்தச் சொல்லுக்கு எனக்கும் பொருள் தெரியவில்லை.

வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. 'பிஸ்ஸோஸ்' என்றால் மெல்லிய, விலை உயர்ந்த துணி. முதலில் ஆளி நார்த்துணியைக் குறித்தது, பிறகு பருத்திக்கும் பட்டுக்கும் கூடப் பரவியது. கிரேக்கரும் அதை மேற்காசியாவின் செமிட்டிய மொழிகளிடமிருந்து வாங்கினார்கள். எபிரேயத்தில் அதே துணிக்கு 'பூத்ஸ்' என்று பெயர். 'பிஸ்ஸோஸ்' என்பதோடு நிலைமையைக் குறிக்கும் 'ஓசிஸ்' என்ற விகுதியை ஒட்டி, 1877இல் பிரெஞ்சு மருத்துவர் அத்ரியன் புரூஸ்ட் பஞ்சுத் தூசியால் வரும் இந்த மூச்சு நோய்க்குப் பெயராக்கினார். எழுத்தாளர் மார்செல் புரூஸ்ட்டின் அப்பா இவர். மகன் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமாவால் அவதிப்பட்டவர் என்பது தனிக்கதை.

ஆக, சொல்லுக்கு நேர்ப்பொருள் 'மெல்லாடை நோய்'. ஆடையை உடுத்தியவருக்கு வந்ததில்லை, அதற்கு நூல் நூற்றவருக்கு வந்தது. பெயர் வைப்பதற்கு 46 ஆண்டுகள் முன்பே, 1831இல், மான்செஸ்டரில் ஜேம்ஸ் பிலிப்ஸ் கே என்ற மருத்துவர் நூற்பாலைத் தொழிலாளிகளின் இருமலையும் நெஞ்சு இறுக்கத்தையும் எழுதி வைத்திருக்கிறார். கோயம்புத்தூரில் ஸ்டேன்ஸ் மில் 1888இல் வந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு மில்கள் பெருகி, ஊருக்கே 'தென்னிந்திய மான்செஸ்டர்' என்று பெயராயிற்று. மான்செஸ்டரின் பெயரைச் சொந்தம் கொண்டாடிய நாம், அந்த ஊரின் நோய்க்குப் பெயர் வைக்க மறந்துவிட்டோம்.

கிரேக்கப் பெயரில் எனக்கு ஒரு குறை உண்டு. 'ஓசிஸ்' என்ற விகுதி இந்த நோயை சிலிக்கோசிஸ், ஆஸ்பெஸ்டோசிஸ் வரிசையில் உட்கார வைத்துவிடுகிறது. கல்தூளும் ஆஸ்பெஸ்டாஸ் இழையும் நுரையீரலிலேயே தங்கித் தழும்பாக்குபவை, எக்ஸ்ரேயில் தெரியும். பஞ்சுத் தூசி அப்படிச் செய்வதில்லை. மூச்சுக்குழாய்களைச் சுருக்குகிறது, அழற்சியைக் கிளப்புகிறது. எக்ஸ்ரேயில் இதற்கென்று தனி அடையாளம் கிடையாது. படம் சுத்தமாக இருக்கிறது, சளிதான் என்று மாத்திரையோடு திரும்பிய மில்காரர்கள் நம் ஊர்களில் எத்தனையோ பேர்.

படத்தைவிட நாள்காட்டி அதிகம் சொல்லும். ஆங்கில ஆலைகளில் தொழிலாளிகளே இதற்கு வைத்த பெயர் 'திங்கட்கிழமைக் காய்ச்சல்'. ஞாயிறு ஓய்வுக்குப் பிறகு திங்களன்று உள்ளே நுழைந்த சில மணி நேரத்தில் நெஞ்சைப் பிடிக்கும். செவ்வாய், புதன் என்று போகப்போகக் குறையும். தொடர்ந்து தூசியில் இருக்கும்போது உடம்பு ஓரளவு பழகிக்கொள்கிறது, ஓய்வில் அந்தப் பழக்கம் விட்டுப்போகிறது. 1950களில் ரிச்சர்ட் ஷில்லிங் என்ற மருத்துவர் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளில் ஆய்வு செய்து வகுத்த படிநிலைகளே இந்தக் கிழமையை வைத்துத்தான். திங்களன்று மட்டும் இறுக்கம் என்றால் முதல் படி. மற்ற நாள்களுக்கும் நீண்டால் இரண்டாம் படி. அதோடு மூச்சுத்திறன் நிரந்தரமாகக் குறைந்தால் மூன்றாம் படி.

நம் பக்கம் திங்கள் என்று சொன்னால் பொருந்தாது. பல மில்களில் வார லீவு ஆளுக்கு ஒரு கிழமை. பெரியம்மாவிடம் கிழமை கேட்டேன், விழித்தார். "லீவு முடிஞ்சு போன அன்னைக்கு எப்படி இருக்கும்?" என்று மாற்றிக் கேட்டதும் கொட்டினார்: "மாரியம்மன் நோம்பிக்கு நாலு நாள் இருந்துட்டுப் போனா, அன்னைக்குச் சாயங்காலம் நெஞ்சக் கல்லாட்டப் புடிக்கும். கறிச்சோறு சேரலைன்னு நெனச்சுக்குவோம்." ஷில்லிங்கின் முதல் படியை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது. பழி மட்டும் பாவம், கறிச்சோற்றின் மேல் விழுந்திருக்கிறது.

பழியை எங்கே போடுவது என்பதில் ஆய்வாளர்களும் வெகுநாள் தடுமாறினார்கள். பருத்தி இழையே காரணம் என்றால், கழுவிய பருத்தியில் ஏன் பாதிப்பு குறைகிறது? அமெரிக்காவில் மாதிரிக் கார்டிங் அறை ஒன்றை அமைத்து, தன்னார்வலர்களைப் பலவகைப் பருத்தித் தூசியைச் சுவாசிக்க வைத்துப் பார்த்தார்கள். 1987இல் வெளியான அந்த முடிவில், மூச்சுத்திறன் இறங்கியது தூசியின் அளவோடு ஒத்துப்போகவில்லை. தூசியில் இருந்த 'எண்டோடாக்சின்' அளவோடு ஒத்துப்போனது. சிலவகை பாக்டீரியாக்களின் வெளிச்சவ்வில் இருக்கும் நச்சு அது, தமிழில் அகநச்சு. இந்தப் பாக்டீரியாக்கள் பருத்திக் காயை அணைத்திருக்கும் பூவடிச் செதிலிலும் இலைச் சருகிலும் வளர்கின்றன. மெஷினில் பருத்தி எடுக்கும்போது அந்தச் சருகு நொறுங்கிப் பஞ்சோடு பேலுக்குள் போய், பேலைப் பிரித்து உதறும் ப்ளோ ரூமிலும் கார்டிங்கிலும் பறக்கிறது. ஷாங்காயில் 1981இல் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் பருத்தி ஆலைக்காரர்களையும் பட்டாலைக்காரர்களையும் ஒப்பிட்டுத் தொடர்ந்த ஆய்வும், பருத்தி ஆலைக்காரர்களுக்கே மூச்சுத்திறன் வேகமாகக் குறைந்ததைக் காட்டியது. வேலையை விட்டபின் ஓரளவு மீள்வதையும் அதில் கண்டார்கள்.

இந்தச் சருகுக்கு நம்மிடம் பழைய சொல் இருக்கிறது. புறநானூற்றின் 326ஆம் பாட்டில், இரவில் சிறு விளக்கொளியில் வேலை செய்யும் நூற்புப் பெண்ணைச் 'சிறையும் செற்றையும் புடையுநள் எழுந்த பருத்திப் பெண்டு' என்கிறார்கள். செற்றைதான் இன்று நாம் சொல்லும் செத்தை. பஞ்சை நூற்குமுன் செத்தையைப் புடைத்து நீக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. மில்லில் அதையே 'ட்ராஷ்' என்கிறோம்.

நோயைக் கண்டறிய, மூச்சுத்திறனை அளக்கும் ஸ்பைரோமீட்டர் உதவும். லீவு முடிந்த முதல் ஷிப்டுக்கு முன்னும் பின்னும் ஊதச் சொல்லி, முதல் நொடியில் வெளியேறும் காற்றை அளப்பார்கள். 1978இல் அமெரிக்கா கொண்டுவந்த விதிப்படி, 5 விழுக்காடோ 200 மில்லியோ குறைந்தால் அந்தத் தொழிலாளியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். நூல் தயாரிக்கும் இடத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் 200 மைக்ரோகிராமுக்கு மேல் தூசி இருக்கக் கூடாது என்பதும் அதே விதி. மருந்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இன்ஹேலர் மூச்சுக்குழாயை விரித்துத் தரும். தூசியை விட்டு விலகுவதுதான் சிகிச்சை. வெல்லமும் வாழைப்பழமும் தின்றால் பஞ்சு இறங்கிவிடும் என்ற நம்பிக்கை மில்லுக்கு மில் உண்டு. தின்பது இரைப்பைக்குப் போகிறது, தூசி மூச்சுக்குழாயில் இருக்கிறது. இரண்டுக்கும் பாதை வேறு.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'பஞ்சு நோய்' என்றால் பஞ்சைத் தாக்கும் நோய் என்று விவசாயி நினைப்பார். 'பருத்தி நோய்' இன்னும் மோசம், காய்ப்புழு ஞாபகம் வந்துவிடும். 'பஞ்சுத்தூசி நுரையீரல் நோய்' சரிதான். ஆனால் நுரையீரல் என்றதும் டிபியா என்று பயந்து மறைப்பவர்கள் இருக்கிறார்கள். என் ஓட்டு 'பஞ்சுத்தூசி மூச்சிறுக்கம்' என்பதற்கு. காரணம் தூசியில் இருக்கிறது என்பதும் படுகிற பாடு என்ன என்பதும் அதில் வந்துவிடுகின்றன.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், தொழிலாளர் காப்பீட்டுக்கான இஎஸ்ஐ சட்டம் இரண்டின் மூன்றாம் அட்டவணையிலும் இது தொழில்சார் நோயாக இடம்பெற்றது. மில்காரருக்குத் தன் இளைப்புக்குப் பெயர் தெரியாமல் போனால் அட்டவணையில் அதைத் தேட மாட்டார்.

சீட்டில் கேள்விக்குறிக்குப் பக்கத்தில் பென்சிலால் என் சொல்லை எழுதிக் கொடுத்தேன். பெரியம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"எல்லாம் சரி கண்ணு. இதுல நோம்பி எங்கியும் வரலியே?"