சும்மா கிடக்கும் டெஸ்க்டாப்புகளில் பெரிய கணக்கை ஓட்டுவதற்கு முன்

இரவு முழுக்கச் சும்மா கிடக்கும் டெஸ்க்டாப்புகளை நெட்வொர்க்கில் கோத்து, ஒரே கணக்கை அத்தனையிலும் பிரித்து ஓட்டலாமா என்று கேட்டு வருபவர்கள் நிறைய. தாராளமாக ஓட்டலாம். 1994-இல் நாசாவின் காடர்ட் மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்ட் பெக்கரும் சாதாரண 486 கணினிகள் 16-ஐ ஈதர்நெட்டில் இணைத்து, பியோவுல்ஃப் என்ற கிளஸ்டரை (ஒன்றாக வேலை செய்யும் கணினிக் கூட்டத்தை) ஓட்டிக் காட்டிவிட்டார்கள். "எந்த ஃபிரேம்வொர்க் (வேலையைப் பிரித்து ஓட்டும் மென்பொருள்) வேகமானது?" என்பதுதான் வருபவர்களின் முதல் கேள்வி. கணக்கின் துண்டுகள் ஒன்றோடொன்று எவ்வளவு பேச வேண்டும் என்பது என் கேள்வி.

ஒரு கிகாபிட் இணைப்பில் வினாடிக்கு அதிகபட்சம் 125 மெகாபைட் போகும். கணினிக்குள்ளே ராம் அதைவிட நூறு மடங்குக்கு மேல் வேகமாகத் தரவு தரும். காற்றோட்டம், வெப்பப் பரவல் போன்ற கணக்குகளில் ஒவ்வொரு படியிலும் பக்கத்துத் துண்டின் விளிம்பு மதிப்புகள் தேவைப்படும். இவற்றுக்கு, துண்டுகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொள்ள உதவும் எம்பிஐ (MPI) வழக்கம். ஆனால் அலுவலக நெட்வொர்க்கில் ப்ராசஸர்கள் பெரும்பாலும் காத்துக்கொண்டே இருக்கும். போதாததற்கு, எம்பிஐ-யில் ஒரு ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் ஒரு துண்டு) செத்தால் பொதுவாக முழு வேலையும் விழுந்துவிடும். காலையில் ஒருவர் வந்து தன் கணினியை ரீஸ்டார்ட் செய்தால் போதும், இரவு ஓடியது அத்தனையும் வீண்.

துண்டுகள் தனித்தனியாக ஓடக்கூடியவை என்றால் கதையே வேறு. ஒரே மாடலை ஆயிரம் வெவ்வேறு அளவுருக்களுடன் ஓட்டுவது, அனிமேஷன் ஃபிரேம்களை ரெண்டர் செய்வது எல்லாம் இந்த வகை. இதற்கு என் முதல் பரிந்துரை ஹெச்டிகாண்டார் (HTCondor) என்ற மென்பொருள். விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தில் 1980-களில் இதற்கென்றே பிறந்தது. கீபோர்டில் யாராவது கை வைத்தால் வேலையை நிறுத்திவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்படி அதை அமைக்கலாம். முன்பின் தெரியாதவர்களின் கணினிகள் என்றால் பாயிங்க் (BOINC) என்ற மென்பொருள். அதில் ஒரே வேலையை இரண்டு பேருக்கு அனுப்பி விடைகளை ஒப்பிட்டுப் பார்க்க முடியும். வீட்டுக் கணினிகளின் ராமில் பெரும்பாலும் பிழை திருத்தும் வசதி கிடையாது, ஆகவே இந்தச் சரிபார்ப்பு அவசியம்.

பைத்தான் மொழியில் எழுதுபவர்கள் நேராக டாஸ்க் (Dask) என்ற லைப்ரரிக்குப் போகிறார்கள். பழகச் சுலபம், சரி. எனக்குக் கவலை அங்கேதான். இணைபவர் யார் என்று சரிபார்க்கும் டிஎல்எஸ் (TLS) சான்றிதழ்களை நாமே அமைக்காவிட்டால், வேலைகளைப் பங்கிட்டுத் தரும் அதன் ஷெட்யூலர் பாஸ்வேர்டு எதுவும் கேட்காது. ஷெட்யூலர் காத்திருக்கும் போர்ட்டை (நெட்வொர்க் வாசலை) எட்ட முடிந்த எவரும், இணைந்திருக்கும் எல்லாக் கணினிகளிலும் தன் நிரலை ஓட்டலாம். ஆகவே இந்தக் கணினிகளைத் தனி நெட்வொர்க்கில் வையுங்கள், ஃபயர்வாலில் போர்ட்டுகளை மூடுங்கள், ஒவ்வொரு கணினியிலும் வேலையை ஓட்டும் வொர்க்கர் நிரல்களை அட்மின் உரிமை இல்லாத தனி யூசர் அக்கவுண்ட்டில் ஓட்டுங்கள். "உள் நெட்வொர்க்தானே" என்று விடவே கூடாது.

அப்புறம் துண்டின் அளவு. சில மில்லிவினாடியில் முடியும் துண்டென்றால் அனுப்பி வாங்கவே நேரம் போய்விடும். பல மணி நேரத் துண்டென்றால் ஒரு ரீஸ்டார்ட்டில் எல்லாம் போகும். பத்து நிமிடம் முதல் அரை மணி வரை எனக்குச் சரியாக வருகிறது. அதைவிட நீளமானால் இடையிடையே நிலையைச் சேமிக்கும் செக்பாயிண்ட் கட்டாயம். ஒன்று, இரண்டு, நான்கு கணினிகளில் ஓட்டி நேரத்தை அளந்த பிறகே எண்ணிக்கையைக் கூட்டுங்கள். கணக்கில் 5 சதவீதம் வரிசையாக மட்டுமே ஓடக்கூடியது என்றால், எத்தனை கணினி சேர்த்தாலும் 20 மடங்குக்கு மேல் வேகம் வராது. இது 1967-இல் கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் முன்வைத்த வாதத்திலிருந்து வரும் கணக்கு.

இத்தனைக்கும் முன்னால், அந்த மேசையில் உட்காருபவரிடமும் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவரிடமும் அனுமதி வாங்கிவிடுங்கள். ஸ்லீப் மோடை எந்த நேரத்தில் நிறுத்தி வைப்பது என்பதையும் அப்போதே பேசி முடித்துக்கொள்ளலாம்.