நகல் பாதியில் நின்றால் டிஸ்கை உருவாதீர்கள்

வெளிப்புற ஹார்டு டிஸ்குக்கு 60 ஜிபி வீடியோ ஏறிக்கொண்டிருக்கிறது. திடீரென வேகம் பூஜ்யம். உடனே வயரை உருவிச் செருகுவது பலருக்குப் பழக்கம். டிஸ்கின் ஃபைல் சிஸ்டம் கெடுவதும் அங்கேதான்.

முதலில் லாகைப் பாருங்கள்; கணினி தனக்கு நேர்ந்ததை எழுதிவைக்கும் பதிவு அது. லினக்ஸில் 'டிமெஸ்ஜி' (dmesg) கட்டளை, விண்டோஸில் ஈவென்ட் வியூவர், சிஸ்டம் பகுதி. டிஸ்க் 30 வினாடி பதில் தராவிட்டால் லினக்ஸ் அந்தக் கட்டளையைக் கைவிட்டு, தேவைப்பட்டால் சாதனத்தையே ரீசெட் செய்யும். 'ரீசெட் சூப்பர்ஸ்பீட் யுஎஸ்பி டிவைஸ்' என்ற வரி விழும். விண்டோஸில் அதற்கு ஈடு ஈவென்ட் எண் 129.

இப்படி ஒன்றுமே இல்லையென்றால் பெரும்பாலும் பழுதில்லை. எழுதுவது பென் டிரைவில் என்றால், அதன் வேகமான கேச், அதாவது தற்காலிக இடம், நிரம்பியிருக்கும். யுஎஸ்பி 2.0-இல் சாதனம் 'நாக்' என்ற மறுப்புக் குறியை அனுப்பி, "இப்போது முடியாது, பிறகு கேள்" என்கிறது; கணினியின் யுஎஸ்பி கன்ட்ரோலரும் சளைக்காமல் கேட்டுக்கொண்டே இருக்கும். லினக்ஸில் மெமின்ஃபோ (/proc/meminfo) கோப்பில் 'டர்ட்டி' எண், அதாவது இன்னும் எழுதப்படாமல் நினைவகத்தில் நிற்கும் அளவு, இறங்குகிறதா பாருங்கள். இறங்கினால் காத்திருங்கள், அவ்வளவுதான்.

ரீசெட் வரி திரும்பத் திரும்ப வந்தால் சந்தேகம் முதலில் மின்சாரத்தின் மேல். யுஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர், 3.0 தருவது 900. இரண்டரை அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும்போது இதைத் தாண்டிவிடலாம். நீளமான மெல்லிய கேபிளில் வோல்டேஜ் இன்னும் இறங்கும். கேபினெட்டின் முன்பக்க போர்ட்டை விட்டுவிட்டு, பின்னால் மதர்போர்டிலேயே இருக்கும் போர்ட்டில், குட்டைக் கேபிளால் மாட்டிப் பாருங்கள். இல்லையேல் தனி அடாப்டர் உள்ள ஹப்.

அதற்கும் அடங்காவிட்டால் அடுத்த சந்தேகம், டிஸ்க் பெட்டிக்குள் டிஸ்கை யுஎஸ்பியோடு இணைக்கும் பிரிட்ஜ் சிப்பின் மேல். ஒரே நேரத்தில் பல கட்டளைகளை வாங்கும் யுஏஎஸ் முறையில் சில மலிவு சிப்புகள் திணறும். லினக்ஸில் 'எல்எஸ்யுஎஸ்பி' (lsusb) கட்டளை காட்டும் வென்டர், புராடக்ட் எண்களோடு 'யு' என்ற ஆங்கிலச் சிற்றெழுத்தைச் சேர்த்து, கெர்னலின் யுஎஸ்பி-ஸ்டோரேஜ் குவர்க்ஸ் (usb-storage.quirks) அளவுருவில் கொடுத்தால் யுஏஎஸ் இல்லாத பழைய முறைக்கு இறங்கிவிடும். வேகம் கொஞ்சம் குறையும், ஆனால் நிற்காது. இப்படிச் செய்து சிக்கல் தீர்ந்தால் மாற்ற வேண்டியது பெட்டியை, டிஸ்கை அல்ல.

சற்று நேரம் சும்மா இருந்த பிறகே தொங்குகிறதென்றால், விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸில், சும்மா இருக்கும் யுஎஸ்பி சாதனத்தைத் தூங்கவைக்கும் 'செலக்டிவ் சஸ்பெண்ட்' வசதியை அணையுங்கள்.

ஒரு கோப்பைப் படிக்கும்போது எப்போதும் அதே இடத்தில் நிற்கிறதா? அங்கே டிஸ்கின் செக்டர், அதாவது தகவல் பதியும் சிறு துண்டு, கெட்டுப்போயிருக்கலாம். டிஸ்க் தன் நலனைத் தானே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் 197-ஆம் எண்ணைப் பாருங்கள்; படிக்க முடியாமல் நிலுவையில் உள்ள செக்டர்களின் எண்ணிக்கை அது. அது பூஜ்யமில்லை என்றால், விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கருவியான செக்டிஸ்க் ஓட்டும் முன் மற்ற கோப்புகளை வேறு டிஸ்குக்கு மாற்றிவிடுங்கள்.