வினையூக்கி மாற்றியைக் கழற்றினால் காருக்கே தெரிந்துவிடும்

சொந்தக் காசில் வாங்கிய காரிலிருந்து ஒரு பாகத்தைக் கழற்றி எறியச் சட்டத்தின் அனுமதி வேண்டுமா? கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் எனப்படும், எஞ்சின் புகையின் நச்சைக் குறைக்கப் புகைக்குழாயில் பொருத்தப்படும் வினையூக்கி மாற்றி விஷயத்தில் அமெரிக்கச் சட்டம் அந்த உரிமையை யாருக்கும் தரவில்லை. 1970ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத்தில் இருந்த தடை தொடக்கத்தில் உற்பத்தியாளர்களையும் விற்பனையாளர்களையும் மட்டுமே கட்டுப்படுத்தியது. 1977இல் பழுதுபார்க்கும் பட்டறைகள் அதற்குள் வந்தன. 1990ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, தன் காரைத் தானே பிரித்து மேயும் உரிமையாளரும் தப்ப முடியாது. கழற்றிய பின் கார் எவ்வளவு நச்சுப்புகை விடுகிறது என்பதை அளந்து நிரூபிக்கத் தேவையில்லை, கழற்றியதே குற்றம். வெளிக்கூட்டை விட்டுவைத்து உள்ளிருப்பதை மட்டும் இடித்தெடுப்பதும், செயலிழக்கச் செய்தல் என்ற வகையில் அதே குற்றமாகும்.

இந்தக் கண்டிப்புக்கான காரணம் அந்தக் கூட்டுக்குள் நடக்கும் வேதியியலில் இருக்கிறது. பெட்ரோல் எஞ்சினின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கும் எரியாத ஹைட்ரோகார்பன்களுக்கும் ஆக்சிஜனைச் சேர்க்க வேண்டும். நைட்ரஜன் ஆக்சைடுகளிலிருந்தோ ஆக்சிஜனைப் பிரிக்க வேண்டும். பிளாட்டினமும் பல்லேடியமும் முதல் வேலையையும் ரோடியம் இரண்டாவதையும் செய்கின்றன. எதிரெதிரான இவ்விரண்டும் ஒரே இடத்தில் நடக்க, எரிபொருள் ஒரு பங்குக்குக் காற்று எடையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு இருக்க வேண்டும். எஞ்சினின் கணினி அந்த அளவைச் சுற்றிச் சற்றே கூடியும் குறைந்தும் ஊசலாடிக்கொண்டே இருப்பதால், மழையில் நிரம்பிக் கோடையில் பாசனம் தரும் ஏரியைப் போல, மாற்றியில் பூசப்பட்ட சீரியம் ஆக்சைடு உபரி ஆக்சிஜனைத் தேக்கிவைத்துப் பற்றாக்குறையின்போது விடுகிறது.

மாற்றி இல்லாததைக் காட்டிக்கொடுப்பதும் இந்தத் தேக்கமே. மாற்றிக்கு முன்னும் பின்னும் ஒவ்வோர் ஆக்சிஜன் உணரி (சென்சார்) இருக்கும். மாற்றி நலமாக இருந்தால் முன்னுணரியின் ஊசலாட்டம் பின்னுணரியை எட்டாது. மாற்றி இல்லாவிட்டால் இரண்டும் ஒரே தாளத்தில் ஆடும். 1996ஆம் ஆண்டு மாடல்கள் முதல் அமெரிக்கக் கார்களில் கட்டாயமான கண்காணிப்பு முறை அதைக் கண்டு எச்சரிக்கை விளக்கை எரியவிட்டு, பி0420 போன்ற பிழைக் குறியீட்டைப் பதிந்துகொள்கிறது. பின்னுணரியை ஏமாற்றும் துண்டுக் குழாய்களும் மென்பொருள்களும் சந்தைக்கு வருவதுண்டு. அவற்றைத் தயாரிப்பதையும் விற்பதையும் பொருத்துவதையும் சட்டம் தனியாகத் தடை செய்கிறது. இத்தனைக்கும், இன்றைய மாற்றிகள் புகையோட்டத்துக்குக் கொடுக்கும் தடை சொற்பம் என்பதால், வேகம் கூடும் என்று நம்பிக் கழற்றுபவருக்குப் பெரிதாக மிஞ்சுவது இரைச்சல்தான்.

பழுதுபார்க்கவோ வேறொன்றை மாட்டவோ கழற்றுவதற்குத் தடையில்லை. ஆனால் மாற்றிக்குக் கார் நிறுவனத்தின் உத்தரவாதம் 8 ஆண்டு அல்லது 80,000 மைல் வரை உள்ளதால், அது முடியும் முன் நன்றாக இயங்கும் மாற்றியை எடுத்துவிட்டு வெளிச்சந்தை மாற்றியை, அதாவது கார் நிறுவனத்துடையதல்லாத வேறு தயாரிப்பை, பொருத்தக் கூடாது. திருட்டுப்போனதற்கு ஈடாகப் புதியது மாட்டலாம். அதுவும் அந்த வாகனத்துக்குரிய வகையாக, பழைய இடத்திலேயே அமைய வேண்டும். பட்டறைக்காரர் கழற்றிய பழையதை 15 நாள்களும் பற்றுச்சீட்டின் நகலை ஆறு மாதங்களும் பாதுகாக்க வேண்டும் என்றும் விதி உண்டு. பழையது உண்மையிலேயே பழுதானதுதானா என்று அதிகாரிகள் வந்து பார்க்கலாம்.