மர டனல் வாங்க முதல் உள்ளுக்குப் பூந்து பாருங்கோ

திருகோணமலையில மரவேலைப் பட்டறை வச்சிருக்கிறன், கதவு யன்னல் செய்யிறதோட முன்பள்ளிகளுக்கும் கோயில், சனசமூக நிலையம் பக்கத்தில இருக்கிற சின்னச்சின்ன விளையாட்டு இடங்களுக்கும் சாமான் செய்து குடுக்கிறன். மாரி விட்டு தை மாசம் நேசரி தொடங்கினா ஃபோன் வரத் தொடங்கும். கனடாவில, லண்டனில இருக்கிற ஆரோ ஒரு சொந்தக்காரர் காசு அனுப்பியிருப்பினம், கூடவே வாட்ஸ்அப்பில ஒரு படமும் வரும், பச்சைப் புல்லுக்கு நடுவில பிள்ளையள் தவழ்ந்து போற, வட்டமா அழகா ஒரு மர டனல். "அண்ணை இதே மாதிரி ஒண்டு, எவ்வளவு முடியும்?" முதல் கேள்வி விலை, ரெண்டாவது கேள்வி என்ன கலர் அடிக்கலாம் எண்டு. உள்ளுக்கு எப்பிடி இருக்கும் எண்டு கேக்கிற ஆக்கள் குறைவு, அதுக்காகத்தான் இதை எழுதுறன்.

சறுக்கீஸில ஏறின பிள்ளையை டீச்சர் வாசல்ல நிண்டே பாக்கலாம், ஊஞ்சலையும் பாக்கலாம். டனல் ஒண்டுதான் பிள்ளை கண்ணில இருந்து மறையிற சாமான். பிள்ளையளுக்கு அது விருப்பமா இருக்கிறதும் அதாலதான், கையும் காலும் மாறி மாறி வச்சுத் தவழ்ந்து போய் மற்றப் பக்கத்தால தலையை நீட்டேக்க அந்த முகத்தில வாற சந்தோசம் வேற ஒண்டிலயும் வராது. சத்தம் கூடினா தாங்கேலாத பிள்ளையளும் இருக்கினம், அவை கொஞ்ச நேரம் உள்ளுக்குப் போய் இருந்திட்டு ஆறுதலா வெளியில வருவினம். டனல் வேண்டாம் எண்டு நான் ஒருநாளும் சொல்லமாட்டன். ஆனா மறையிற இடம் எண்டபடியா உள்பக்கம் வெளிப்பக்கத்தை விட நல்லா இருக்கோணும்.

முதல்ல அளவு. ஐரோப்பாவில விளையாட்டு சாமானுக்கு இஎன் 1176 எண்டு ஒரு தரம் இருக்கு, நான் அதைத்தான் கையில வச்சு வேலை செய்யிறன். ரெண்டு பக்கமும் திறந்த டனல் எண்டா 1 மீட்டர் நீளம் வரைக்கும் உள் அகலம் 40 சென்டிமீட்டர் ஆவது இருக்கோணும், 2 மீட்டர் வரைக்கும் 50, அதுக்கு மேல எவ்வளவு நீளம் போனாலும் 75. ஒரு பக்கம் அடைச்ச குகை மாதிரி செய்யிறதெண்டா நீளம் 2 மீட்டருக்கு மேல போகக்கூடாது, அதுக்கும் அகலம் 75 வேணும். என்னட்ட கேட்டா நீளம் என்னவா இருந்தாலும் 75 தான், எங்கட கணக்கில 2½ அடி. ஏன் எண்டா உள்ளுக்க ஒரு பிள்ளை பயந்து அழுதாலோ வலிப்பு வந்தாலோ சாரி கட்டின டீச்சர் ஒராள் முழங்காலில போய் அந்தப் பிள்ளையை எடுத்துக்கொண்டு வர ஏலோணும். கடையில டனல் பாக்கப் போனா நீங்களே ஒருக்கா உள்ளுக்குப் பூந்து மற்றப் பக்கத்தால வெளியில வாங்கோ, உங்களால ஏலாட்டி அதை வாங்காதேங்கோ.

அடுத்தது இடைவெளி, இதை நான் கொஞ்சம் விரிவாச் சொல்லப்போறன். பலகைக்குப் பலகை விடுற இடைவெளியோ, வெளிச்சம் வர வெட்டுற ஓட்டையோ 89 மில்லிமீட்டருக்கும் 230 மில்லிமீட்டருக்கும் இடையில இருக்கக்கூடாது, அதாவது 3½ இஞ்சியில இருந்து 9 இஞ்சி வரைக்கும். சின்னப்பிள்ளை ஒரு ஓட்டைக்குள்ள தலையை மட்டும் விடாது, காலையும் விடும், கால் போனா இடுப்பும் உடம்பும் வழுகிப் போயிடும், தலை மட்டும் போகாது. காலுக்குக் கீழ நிலம் எட்டாட்டி உடம்பின்ர பாரம் முழுக்கக் கழுத்தில நிக்கும், வாய் திறந்து கத்தவும் ஏலாது. 4 இஞ்சி, 5 இஞ்சி ஓட்டை வடிவாத்தான் இருக்கும், படத்தில வாற நட்சத்திர ஓட்டை, பூ ஓட்டை எல்லாம் கனக்க அந்த அளவுதான். நான் 2 இஞ்சி வட்டம் வெட்டுவன், இல்லாட்டி பிள்ளை முழுசா வந்துபோற மாதிரி பெரிசா விடுவன், நடுவில ஒண்டும் இல்ல.

விரலுக்கு வேற கணக்கு. 8 மில்லிமீட்டரில இருந்து 25 வரைக்கும் உள்ள இடுக்கில விரல் மாட்டும். இஞ்சதான் எங்கட ஊர் வெயிலை நினைக்கோணும். மார்கழியில ஈரத்தோட பொருத்தின பலகை அப்ப 5 மில்லிமீட்டர் இடைவெளியோட சரியாத்தான் இருக்கும், வைகாசி, ஆனியில கச்சான் காத்து அனலா அடிக்கத் தொடங்கினா மரம் காஞ்சு சுருங்கி அதே இடைவெளி 10, 12 எண்டு போயிடும். அதால நல்லாக் காஞ்ச மரம் வேணும், இல்லாட்டி பக்கப் பலகையளுக்கு இடையில துணிஞ்சு 4 சென்டிமீட்டர் விட்டிடுங்கோ, விரலும் மாட்டாது தலையும் மாட்டாது, காத்தும் வரும், வெளியில நிண்டு பாத்தா உள்ளுக்கு ஆர் இருக்கினம் எண்டும் தெரியும்.

மரத்தைப் பற்றி. "தேக்கு அண்ணை, பயப்பிடாதேங்கோ" எண்டு மரக்காலையில சொன்னா அதோட விடாதேங்கோ, நடுமரத்து வைரமா, வெளிச்சுத்து வெள்ளையா எண்டு பாருங்கோ. இளந்தேக்கில வெளிறின வெள்ளைப் பகுதிதான் கூட, அதைக் கறையான் மற்ற மரம் மாதிரித்தான் தின்னும். முதிரை நல்ல உறுதி, ஆனா அந்தத் தூள் பட்டா சில ஆக்களுக்குத் தோல் கடிச்சுத் தடிக்கும், பட்டறையில வேலை செய்யிற எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம், பிள்ளையின்ர முழங்கால் நாள் முழுக்க உரசுற இடத்துக்கு நான் போடுறதில்ல, வெளிக்கால், வளைக்குப் போடலாம். பனை எங்கட பக்கத்து மரம், கூரைக்கு அதை அடிக்க ஒண்டும் இல்ல, ஆனா அந்தக் கறுப்பு நார் சிலாம்பா ஏறினா ஊசி மாதிரி உள்ளுக்க போய் முறிஞ்சிடும், டனலுக்கு வேண்டாம். ரப்பர் மரம் வீட்டுக்குள்ள கதிரை மேசைக்குச் சரி, மழையில வச்சா பூஞ்சணம் பிடிச்சு உளுத்துப் போயிடும்.

பழைய மரம் மலிவாக் கிடைக்குது எண்டு கொண்டுவாற ஆக்களும் இருக்கினம், அதில சிலது எனக்கு உண்மையாவே பயம். ரயில் தண்டவாளத்துச் சிலிப்பர்க்கட்டைக்கு கிரியோசோட் எண்டு நிலக்கரித் தாரில இருந்து எடுக்கிற எண்ணெய் அடிச்சிருப்பினம், வெயில் ஏற ஏற கறுப்பா கசிஞ்சு வரும், மணக்கும், புற்றுநோயோட சம்பந்தப்பட்ட சாமான் அது. பழைய வள்ளத்துப் பலகையில இருக்கிற பெயின்ட்டில ஈயமோ செம்போ இருக்கலாம். பச்சை நிறம் ஓடின பழைய மரக் கம்பங்களில ஆர்சனிக் சேர்ந்த சிசிஏ மருந்து இருக்கலாம், அமெரிக்காவில 2003 முடிவோட வீட்டுப் பாவனைக்கும் பிள்ளையளின்ர விளையாட்டு சாமானுக்கும் அந்த மருந்து அடிக்கிறதை நிப்பாட்டிட்டினம். சாமான் வந்திறங்கிற பலெட் பலகையில எச்டி (HT) எண்டு முத்திரை இருந்தா சூடுபோட்டுப் பூச்சி கொன்றது எண்டு அர்த்தம், எம்பி (MB) எண்டா மீதைல் புரோமைட் வாயு அடிச்சது, ஆனா எந்த முத்திரையும் அந்தப் பலெட்டில வழியில என்ன ஊத்துப்பட்டது எண்டு சொல்லாது.

இன்னொண்டு எங்கட பக்கத்தில சர்வசாதாரணமா நடக்கிறது, கறையானுக்கு எண்டு கழிவு இஞ்சின் ஒயில் பூசுறது. வேலிக்கட்டைக்கே நல்லதில்ல, பிள்ளை கையை வச்சிட்டு அதே கையால பிஸ்கட் சாப்பிடுற இடத்துக்குத் தயவுசெய்து வேண்டாம், அந்த ஒயிலில இஞ்சினுக்குள்ள தேஞ்ச உலோகமும் எரிஞ்ச கழிவும் எல்லாம் கரைஞ்சிருக்கு. போரான் மருந்து அடிச்ச மரம் எண்டு சொல்லி வித்தா அது கூரைக்குள்ள நிக்கிற மரத்துக்கு நல்ல மருந்து, ஆனா தண்ணியில கரையும், எங்கட ஐப்பசி கார்த்திகை மழை ரெண்டு தரம் கழுவினா மெல்ல மெல்லப் போயிடும். கறையானுக்கு மருந்தை விட நல்ல வழி மரத்தை மண்ணில படவிடாம வைக்கிறது. கொங்கிறீட் அடித்தளம் போட்டு அதுக்கு மேல இரும்புக் காலணி மாதிரி ஒண்டு வச்சு அதில கால்மரத்தை நிப்பாட்டினா கறையான் ஏறுற வழி கண்ணுக்குத் தெரியும், தெரிஞ்சா தட்டிவிடலாம்.

பெயின்ட் அடிக்கிறதெண்டா ஈயம் எவ்வளவு எண்டு டின்னில பாத்து வாங்குங்கோ, உலக சுகாதார நிறுவனம் சொல்லுற எல்லை 90 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கில 90 பங்கு. எனக்கெண்டா பெயின்ட் இல்லாம நல்லாச் சீவி, மூலையெல்லாம் உருட்டி, சாண்ட் பேப்பர் போட்டு, கலப்பில்லாத லின்சீட் ஒயில் பூசினது போதும். கலர் அடிச்ச பலகையில வெடிப்பும் உளுப்பும் மறைஞ்சுபோகும், வெறும் மரம் ஒண்டையும் மறைக்காது.

ஆணி விசயத்தில கடல் பக்கத்து ஆக்கள் கவனம். உப்புவெளி, டச்சுக்குடாப் பக்கம் சாதாரண கம்பி ஆணி அடிச்சா உப்புக்காத்துக்கு கெதியில துருப்பிடிச்சுத் தலை கழண்டு கூர் மட்டும் உள்ளுக்க நீட்டிக்கொண்டு நிக்கும், அதுவும் பிள்ளை குனிஞ்சு போகேக்க முதுகு உரசுற உயரத்தில. 316 எண்ட தரத்து ஸ்டெயின்லெஸ் போல்ட் விலை கூடத்தான், ஆனா அதில காசு மிச்சம் பிடிக்காதேங்கோ. நட் வெளிப்பக்கம் வரோணும், அதுக்கு மூடியும் போடோணும், உள்பக்கம் கையால தடவிப் பாத்தா ஒண்டும் தடுக்கக்கூடாது.

அடிப்பலகை வச்ச முழு வட்டமா, அடியில்லாத அரைவட்டமா எண்டு கேட்டா நான் அடியில்லாததைத்தான் சொல்லுவன். அடிப்பலகை வச்சா மழைத்தண்ணி தேங்கும். 2017ல டெங்கு வந்தது எங்கட மாவட்டத்தில ஆருக்கும் மறக்கேலாது, கிண்ணியா பட்ட பாடு தெரியும், நாடு முழுக்க அந்த வருசம் 1,86,000க்கு மேல ஆக்களுக்கு வந்தது. நுளம்பு முட்டை போட்டு ஒரு கிழமை, பத்து நாளில பறக்கத் தொடங்கிடும், ஒரு நீண்ட லீவு விட்டாலே போதும். அதே காரணத்துக்குத்தான் டயர் அடுக்கிச் செய்யிற டனலும் எனக்கு விருப்பமில்ல, எவ்வளவு ஓட்டை போட்டாலும் டயருக்குள்ள ஒரு மடிப்பில தண்ணி நிக்கும். அரைவட்டத்தில பிள்ளை மண்ணிலதான் தவழும், முழங்காலுக்கும் சுகம். ஆனா கீழ் பலகைக்கும் மண்ணுக்கும் இடையில 2 இஞ்சிக்கு மேல விடாதேங்கோ, மாரியில மண் அரிச்சுக்கொண்டு போனா அந்த 2 இஞ்சி 4, 5 எண்டு பெருகி நான் மேல சொன்ன தலை மாட்டுற அளவுக்கு வந்திடும், ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் மண்ணை இழுத்து நிரப்போணும்.

டனலுக்கு மேல பிள்ளையள் ஏறுவினம், ஏறாதே எண்டு எழுதி ஒட்டினாலும் ஏறுவினம். அதால அதை ஏறுற சாமான் எண்டே நினைச்சுச் சுத்திவர 1½ மீட்டருக்கு ஒண்டும் இல்லாம விட்டு 1 அடி ஆழத்துக்கு மண் போடுங்கோ. சீமெந்து நிலம், இன்டர்லொக் கல்லு ரெண்டும் வேண்டாம், புல்லும் எங்கட கோடையில செத்து நிலம் பாறையா இறுகிடும். ஆத்துமண் வாங்குங்கோ, கடற்கரையில அள்ளிக்கொண்டு வாறது சட்டப்படியும் பிழை, உப்பு போல்ட்டையும் தின்னும். வைக்கிற இடம் வேம்பு நிழலா இருந்தா நல்லம், தென்னைக்குக் கீழயும் பனைக்குக் கீழயும் கூடாது. முக்கியமா டீச்சர் வழமையா நிக்கிற இடத்தில இருந்து பாத்தா ஒரு வாசலால மற்ற வாசல் நேராத் தெரியோணும், வளைஞ்ச டனல் வடிவுதான், ஆனா ஒரே ஒரு டீச்சர் இருக்கிற முன்பள்ளிக்கு அதைச் செய்து குடுக்க எனக்கு மனமில்ல.

காலமை பிள்ளையள் வர முதல் ஒராள் டோர்ச் அடிச்சு, தடியால ரெண்டு தட்டுத் தட்டி உள்ளுக்கு பாக்கோணும். நாய் குட்டி போட்டிருக்கும், ஆடு படுத்து எழும்பியிருக்கும், கூரைப்பக்கம் குளவி கூடு வச்சிருக்கும், மழைக்காலத்தில தேள், மட்டத்தேள், கண்ணாடிப் புடையன் எல்லாம் ஈரமில்லாத இடம் தேடி வரும். இது ரெண்டு நிமிசம் எடுக்காத வேலை, ஆனா ஆர் செய்யிறது எண்டு பேர் சொல்லி ஒதுக்காட்டி நடக்காது.

அதோட பெற்றோருக்கும் ஒரு விசயம். எங்கட பிள்ளையள் தண்ணிப் போத்தலைக் கழுத்தில மாட்டிக்கொண்டுதான் நேசரிக்கு வருவினம், அடையாள அட்டையும் கயிற்றில தொங்கும். அதோட டனலுக்குள்ள போனா பட்டி ஏதாவது ஒரு நுனியில கொழுவி கழுத்தை இறுக்கும். விளையாட விட முதல் போத்தலையும் அட்டையையும் கழட்டி ஒரு இடத்தில வைக்கிறதைப் பழக்கமாக்குங்கோ. பயந்து உள்ளுக்க போக மாட்டன் எண்டு நிக்கிற பிள்ளையைத் தள்ளவும் வேண்டாம், மற்றப் பிள்ளையள் போய் வாறதை நாலு நாள் பாத்தா தானாப் போகும்.

மழை முடிஞ்ச கையோட வருசத்துக்கு ஒருக்கா கால்மரத்தில மண்ணுக்குக் கிட்ட ஒரு ஸ்க்ரூ ட்ரைவரால குத்திப் பாருங்கோ, மெத்தெண்டு இறங்கினா அந்த மரம் முடிஞ்சுது, மாத்தோணும். காசு அனுப்புற ஆக்கள் சாமானுக்கு மட்டும் அனுப்பாம மண் நிரப்பவும் பலகை மாத்தவும் எண்டு கொஞ்சம் ஒதுக்கி முன்பள்ளியின்ர கையில குடுங்கோ. அன்பளிப்பு செய்தவரின்ர பேர்ப்பலகை போடுறதெண்டா தகரத்தில அடிச்சு டனல் வாசலுக்கு மேல ஆணி அறையாதேங்கோ, சரியா பிள்ளை நிமிருற இடத்தில நெத்தி வெட்டும். அதை வகுப்புச் சுவரில கொழுவினா எல்லாரும் வாசிப்பினம்.